கேன்சர் திரும்ப வந்துடுச்சுன்னு தெரிஞ்ச அக்காவைப் பார்க்கப் போறேன், என்ன பேசுறது?

மழைத்துளி:
எங்க சபை மாதர் ஐக்கியத்துல என்கூட இருக்கிற அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு நல்லா இருந்தாங்க, கொயர்ல கூட மறுபடி பாட ஆரம்பிச்சிருந்தாங்க. இப்போ எடுத்த ஸ்கேன்ல எலும்புக்கும் லிவருக்கும் பரவியிருக்கு, இனி கட்டுப்படுத்தத்தான் முடியும்னு டாக்டர் அவங்ககிட்டயே சொல்லிட்டார். அன்னிக்கு சாயங்காலம் ஜெபம் பண்ண வந்தவங்கள்ல ஒருத்தங்க "விசுவாசம் இருந்தா திரும்ப வந்திருக்காது, அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க"ன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்களாம். அதுல இருந்து அக்கா யாரையும் பார்க்க மாட்டேங்கிறாங்க, என்னை மட்டும் வரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்காங்க. தேவன்கிட்ட அன்பா இருக்கிறவங்களுக்கு எல்லாமே நன்மைக்குத்தான் நடக்கும்னு இருக்கிற ரோமர் 8:28 சொல்லலாம்னு நினைச்சேன், ஆனா மனசு ஒப்பல. என்ன வசனம் சொல்றது, எப்படி ஜெபிக்கிறது? நாளைக்குப் போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாமிரபரணிக்கரை:
வசனம் தேடிக்கிட்டே போகாதீங்க சிஸ்டர். தப்பு ஒண்ணும் பண்ணாமலே பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதர் மூணு பேரும் முதல்ல செஞ்சது சரியாத்தான் இருந்துச்சு, ஏழு நாள் ராப்பகலா அவர்கூடத் தரையில உட்கார்ந்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல (யோபு 2:13). காரணம் சொல்ல வாயைத் திறந்தப்பதான் எல்லாம் கெட்டுச்சு. 22ம் அதிகாரத்துல எலிப்பாஸ் யோபு மேல பாவப் பட்டியலே வாசிக்கிறான், கடைசில கர்த்தருக்குக் கோபம் வந்தது அந்த எலிப்பாஸ் மேலயும் மத்த ரெண்டு பேர் மேலயும்தான். பவுலே தன்கூட ஊழியத்துல இருந்த துரோப்பீமுவை மிலேத்துவில வியாதியா விட்டுட்டு வந்தேன்னு எழுதுறார் (2 தீமோத்தேயு 4:20), அங்க அவனோட விசுவாசத்தைப் பத்தி ஒரு குறையும் சொல்லல. இதை அக்காகிட்ட சொல்லுங்க, ஏன்னா அந்தப் பாவப் பேச்சு அவங்க மனசுல முள்ளாத் தைச்சிருக்கும், அதை யாராவது எடுக்கணும். 8:28 இப்போ வேண்டாம், அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி, என்ன வேண்டிக்கிறதுன்னே தெரியாதப்போ ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோட நமக்காக வேண்டுறார்னு இருக்கே, அது போதும்.

நைட்டூட்டி:
கேன்சர் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். போனதும் வலி எப்படி இருக்கு, ராத்திரி தூங்க முடியுதான்னு கேளுங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் கடுமையான வலிக்கான மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் போட மாட்டாங்க, அடிமையாயிடுவோம்னு ஒரு பயம், வலி மாத்திரை போட்டா விசுவாசக் குறைவுன்னு இன்னொரு பயம். டாக்டர் சொன்ன அளவுல போட்டா பயப்பட ஒண்ணும் இல்ல, மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்கிக்கணும். பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் கஷ்டத்தையும் குறைக்கிற சிகிச்சைன்னா கடைசி நாளுக்குன்னு நினைச்சுடாதீங்க, கீமோ போயிட்டிருக்கும்போதே சேர்ந்துக்கலாம். 2021ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க. இன்னொண்ணு முக்கியம், எலும்புக்குப் பரவினவங்களுக்கு முதுகு வலி திடீர்னு கூடி கால் வலுவிழந்தாலோ மரத்துப்போனாலோ, யூரின் போக முடியலன்னாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஜெபிச்சுட்டு நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கவே கூடாது.

எல்ஷடாய்:
எல்லாம் சரி, ஆனா சுகத்துக்கு ஜெபிக்கிறதை விட்டுடாதீங்க. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசுல 15 வருஷம் கூட்டிக் கொடுத்த தேவன் இன்னிக்கும் மாறல. யாக்கோபு 5:14ல எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கே.

தாமிரபரணிக்கரை:
ஆமென் பிரதர், கண்டிப்பா ஜெபிக்கணும். ஆனா அதே வசனத்துல வியாதிப்பட்டவன்தான் சபை மூப்பர்களை வரவழைப்பானாகன்னு இருக்கு, அதனால அக்கா கேட்டா ஆயரைக் கூப்பிடுங்க, கேட்காம பத்துப் பேர் போய் நிக்க வேண்டாம். அடுத்த வசனத்துல சொல்ற விசுவாசமுள்ள ஜெபமும் ஜெபிக்கிறவங்களுடையது. கப்பர்நகூம்ல நடக்க முடியாத திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரிச்சு இறக்கினாங்களே, அங்கயும் இயேசு பார்த்தது தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தை. அக்காவுக்கு இன்னிக்கு விசுவாசிக்கத் தெம்பு இல்லன்னா நாம விசுவாசிப்போம்.

வாடாமல்லி:
நானும் கேன்சர் பேஷன்ட்தான். எனக்குக் கடவுள் மேல கோபமா இருக்குன்னு சொன்னப்போ அதிர்ச்சி ஆகாம கேட்டவங்கதான் எனக்கு உதவினாங்க. அக்காவும் அப்படிச் சொன்னா அடக்காதீங்க, சங்கீதம் 88 கடைசி வரைக்கும் இருட்டுலயே முடியுது, அதையும் ஜெபம்னுதானே வேதத்துல வச்சிருக்கு. கொயர்ல என்ன பாட்டு பழகுறாங்கன்னு சாதாரணமாவும் பேசுங்க, எந்நேரமும் வியாதியாவே இருக்க முடியாது. "எதுவா இருந்தாலும் சொல்லுங்க"ன்னு சொன்னா நாங்க கேட்கவே மாட்டோம், கீமோ அன்னிக்கு மத்தியான சாப்பாடு நான் கொண்டு வரேன்னு சொல்லுங்க. கீமோ சமயத்துல சில வாசனை ஆகாது, கேட்டுட்டு சமைங்க. முதல்ல வீடு நிறைய ஆள் இருக்கும், கொஞ்ச நாள்ல ஒருத்தரும் வர மாட்டாங்க, அப்போ நீங்க வரணும்.

மழைத்துளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அழுதுட்டேதான் படிச்சேன். அவங்க மக பத்தாவது படிக்கிறா, அவளுக்கு இன்னும் யாரும் சொல்லலையாம். நான் என்ன செய்யட்டும்?

நைட்டூட்டி:
நீங்க சொல்லிடாதீங்க, அது அம்மா அப்பா வாயால வரணும். ஆனா அந்த வயசுப் பிள்ளைக்கு வீட்ல என்னமோ நடக்குதுன்னு ஏற்கெனவே தெரியும், மறைச்சா தன்னாலதானோன்னு கூட நினைக்கும், அதனால பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்னு தள்ளிப் போட வேண்டாம்னு அக்காகிட்ட மெதுவா சொல்லுங்க. சொல்லும்போது பக்கத்துல இருக்கட்டுமான்னும் கேளுங்க.