அந்தமான்: அமாவாசை பார்த்து டிக்கெட் போடுங்க

நீல் தீவின் (இப்போது ஷஹீத் தீவு) இயற்கைப் பாலத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் பாறைதானே, இதுக்கா இவ்வளவு தூரம்" என்று சலித்துக்கொள்பவர்கள் அநேகமாக நீர் ஏறியிருந்த நேரத்தில் போனவர்கள். அங்கே பார்க்கவேண்டியது பாலத்தை அல்ல, அதன் காலடியில் கிடக்கும் பாறைத்தட்டை. நீர் வற்றும்போதுதான் அது வெளியே வரும். குழிகளில் கடல் அட்டை, ராட்சத மட்டி, பல நிற நண்டுகள், வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்ட பொடி மீன்கள் எல்லாம் இருக்கும்.

ஒரு நாளில் இருமுறை நீர் வற்றும். இதுதான் வத்தம். மறுநாள் அதே வத்தம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாளில் நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியில் தட்டின் பாதி தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அஷ்டமி நவமி ஆகாது என்பது இங்கே மட்டும் கணக்குப்படியே சரி! போர்ட் பிளேருக்கான (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஓத அட்டவணை, அதாவது நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல், இணையத்தில் கிடைக்கும். வத்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் முதலில் நிரம்புவது நமக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம்தான். ஹவாய் செருப்பு பாசியில் வழுக்கும், பின்பட்டி உள்ள செருப்பே போடுங்கள். பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.

*

அதே அமாவாசைக் கணக்கு ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) இரவில் கடல் ஒளிர்வதைப் பார்க்கவும் உதவும். ஒளிர்வது நுண்ணுயிரிகளால். துடுப்பு பட்டுத் தண்ணீர் கலங்கினால் நீல நிறத்தில் மின்னும். நிலா இருந்தால் ஒன்றும் தெரியாது. தேய்பிறைத் தசமிக்கு மேல் நிலா நள்ளிரவு தாண்டித்தான் உதிக்கும், அந்த நாட்களில் கயாக் (சிறு துடுப்புப் படகு) பதிவு செய்யுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். நடுவில் யாராவது மொபைலைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. படம் சரியாக வராது, எடுக்க முயலாமல் பார்ப்பதே லாபம்.

*

அலையாத்தி ஓடை கடலில் சேரும் இடங்களில் குளிக்க இறங்காதீர்கள், குறிப்பாக விடியலிலும் அந்தியிலும். உவர்நீர் முதலை நன்னீரிலும் கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீந்துவது) செய்த ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. போர்ட் பிளேர் பக்கம் வண்டூர் கடற்கரையில் வலை கட்டிய பகுதி உண்டு, அதற்குள்ளேயே குளியுங்கள்.

*

வண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலி பாய் தீவு திங்கட்கிழமை கிடையாது. மழைக்காலத்தில் அதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவு. பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்நார்க்கலிங் முகமூடிக்குள் தண்ணீர் வருகிறது என்று புகார் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மீசைதான் காரணம். ரப்பர் விளிம்பு மயிரில் படியாது. மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலைன் தடவினால் அடைத்துக்கொள்ளும். நெற்றி முடி உள்ளே மாட்டினாலும் இதே கதி. வாரை இறுக்கினால் கசிவு கூடும், குறையாது. கண்ணாடி மங்கினால் உள்பக்கம் ஒரு துளி பேபி ஷாம்பு தேய்த்து லேசாகக் கழுவினால் போதும்.

*

ஆமைக்காகப் போகிறவர்கள் திக்லிபூர் பக்கம் காலிபூர் கடற்கரைக்குப் போகவேண்டும். போர்ட் பிளேரிலிருந்து சாலையில் ஒரு முழு நாள் ஓடிவிடும். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என நான்கு வகையும் அங்கே முட்டையிட வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாய்ப்பு அதிகம். வனத்துறை ஆளோடு மட்டும் போங்கள். கடலிலிருந்து ஏறும் ஆமை வெளிச்சத்தையோ நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். குழி தோண்டி முட்டை விழத் தொடங்கிய பிறகு, பின்பக்கமாக, ஃப்ளாஷ் இல்லாமல் நெருங்கலாம். டார்ச்சில் சிவப்பு செல்லோபேன் தாள் இரண்டு மடிப்பு கட்டிக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போனவர்கள் ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டையும் பார்த்துவிடலாம். ஏரியல் பேயிலிருந்து படகு. அதுவும் வத்தத்தில்தான் நடந்து கடக்க வரும்.

*

விட்டுப்போன சில:

அங்கே சூரியன் நம்மூரைவிடச் சீக்கிரம் சாயும். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டி இருட்டிவிடும். 4 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு போர்ட் பிளேரிலிருந்து சிடியா டாப்பு கடற்கரைக்குக் கிளம்பினால் சூரியாஸ்தமனம் வழியிலேயே முடிந்திருக்கும்.

மணல் ஈ கடித்தது மறுநாள்தான் அரிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் கனமாகப் பூசி, மணலில் நேராக உட்காராமல் பாய் விரித்துக்கொள்ளுங்கள். சொறிந்தால் புண்ணாகி வாரக்கணக்கில் ஆறாது.

பாரடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. வாகனங்கள் அணியாகத்தான் விடப்படும். நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம்.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். செத்த பவளமும் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள் வரும். விமான நிலைய ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். குழந்தைகளின் பைகளையும் முந்தின இரவே ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.