ஜீம்சா சாயம் ஏறவே இல்லை: இந்த மினுக்கும் துகள் கொழுப்பா, படிகமா?

தக்கலைப் பையன்:
வீட்டுக்குப் பின்னால் சேம்பிலும் வாழைக்கன்றிலும் இலை தின்னும் புரொடீனியா புழு. இப்போ நிறைய புழு இலை நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் செத்துக் கிடக்கிறது, தொட்டால் தோல் கிழிந்து பால் மாதிரி வடிகிறது. எம்.எஸ்ஸி. பிராஜெக்டுக்கு ஆகுமே என்று அதை ஸ்லைடில் தேய்த்து, மெத்தனால் விட்டு ஜீம்சா போட்டேன். சுற்றிலும் நிறம் பிடித்திருக்கிறது, நடுவில் மட்டும் வெள்ளை ஓட்டைகள். சாயம் போடாத துளியில் மினுமினு என்று துகள்கள். சாயம் பழசா, இது வெறும் கொழுப்பா?

நாஞ்சில் குட்டி:
பாக்டீரியாவா இருக்கும் மக்கா.

லேப் அக்கா, நாகர்கோவில்:
பாக்டீரியாவில் செத்தது கறுத்து நாறும், பூஞ்சையில் செத்தது விறைத்துப்போகும். தலைகீழாகத் தொங்குவதும் பால் நீரும் என்.பி.வி. என்ற, புழுவைத் தாக்கும் வைரஸின் வேலை. தம்பி, சாயம் நல்ல சாயம்தான், நீ தேடுவதே அந்த ஓட்டைகளைத்தான். செல் உயிரோடு இருக்கும்போதே அதன் உட்கருவுக்குள் பாலிஹெட்ரின் என்ற ஒரே புரதத்தை வைரஸ் குவிய வைக்கிறது, அது அங்கேயே படிகமாகி வைரஸ்களையும் உள்ளே பொதிந்துகொள்கிறது; புரதம் அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருப்பதால் ஜீம்சா உள்ளே நுழையாது. சாயம் ஏற்றியே ஆகணும் என்றால் அமிடோ பிளாக் போட்டு லேசாகச் சூடுகாட்டு.

கொழுப்பா என்று பார்க்க சூடான் III சாயம் போதும், கொழுப்பு ஆரஞ்சுச் சிவப்பாகும், படிகம் ஆகாது. அப்புறம் இன்னொரு ஈரத்துளியில் கவர்ஸ்லிப் ஓரமாக வாஷிங் சோடா கரைசல் விட்டுப் பார்த்துக்கொண்டே இரு. படிகம் என்றால் மறைந்துவிடும். சோடா ஒரு காரம் (ஆல்கலி); புழுவின் குடலும் கடும் காரம், அங்கே போய்த் திறப்பதற்கென்றே அமைந்த படிகம் இது. ஊசி ஊசியாக ஏதாவது தெரிந்தால் அது சேம்பின் கால்சியம் ஆக்சலேட், புரதமில்லை, போலரைசர் (ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் வடிகட்டி) வைத்துப் பார்த்தால் பளிச்சென்று ஒளிரும்.

தக்கலைப் பையன்:
சோடா விட்டதும் மினுக்கம் எல்லாம் கண்ணெதிரிலேயே போய்விட்டது அக்கா! சூடானில் சிவந்த உருண்டைகள் கொஞ்சம்தான். ஊசியும் இருக்கிறது.

குலசேகரம் வாழைக்காரர்:
அப்போ செத்த புழுவை அரைத்து வாழைக்கு அடிக்கலாமா? நாங்க எதற்கும் சுண்ணாம்புத் தெளிவு கொஞ்சம் சேர்ப்போம்.

லேப் அக்கா, நாகர்கோவில்:
சுண்ணாம்பு மட்டும் வேண்டாம் அண்ணே, அதுவும் காரம்தான். இப்பத்தான் தம்பி சோடாவில் பார்த்தது உங்க டேங்கிலேயே நடந்துவிடும். வெல்லம் கொஞ்சம் கலந்து சாயங்காலம் அடிங்க, வெயில் பட்டால் வைரஸ் கெட்டுப்போகும். புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்கணும், பெருத்ததற்கு நிறைய வேண்டியிருக்கும். பரிந்துரை ஹெக்டேருக்கு 250 எல்.இ. (லார்வல் ஈக்விவலன்ட், அதாவது நோயில் செத்த ஒரு புழுவுக்குச் சமமான அளவு), ஒரு எல்.இ. என்பது 600 கோடி படிகம், அதனால் கண்ணளவில் அரைத்து அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லாதீங்க. தண்டுக் கூன்வண்டுக்கு இது ஒன்றும் செய்யாது, அதற்கு வேறு வழிதான்.