வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ்: மூளையில் சொல் எந்தப் பக்கம்? சோதித்தவர்கள் சொல்லுங்க

பேரூரான்:
இரண்டு மொழிக்காரர்களுக்கும் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் சொல்லை மூளையின் எந்தப் பாதி கவனிக்குது என்று ஒப்பிட, திரையில் சொல்லை மின்னவிட்டுப் படிக்கச் சொல்லும் திரைச் சோதனைதான் எல்லாரும் முதலில் எடுப்பது. பார்வையைத் திரையின் நடுப்புள்ளியில் நிறுத்தினால், அதற்கு வலப்பக்கம் மின்னுகிற சொல் முதலில் இடது மூளைக்குப் போகும், இடப்பக்கம் மின்னினால் வலது மூளைக்கு. கண்ணுக்கும் திரைக்கும் 57 செ.மீ. வைத்தால் திரையில் 1 செ.மீ. என்பது பார்வைக் கோணத்தில் 1 டிகிரி. சொல் நடுப்புள்ளியிலிருந்து 2 டிகிரியாவது தள்ளித் தொடங்கணும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 9 ஃபிரேம், அதாவது 150 மில்லி செகண்ட் போதும். 200ஐத் தாண்டினால் கண் சொல்லைத் தேடிப் போய்விடும், அப்புறம் இடம் வலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழில் விகுதி ஏறின சொல் நீண்டு, நடுப்புள்ளிக்குத் தூரமான எழுத்து மங்கும். மூன்று, நாலு எழுத்துக்குள் நிறுத்துங்க.

நொய்யல்கரை:
அளவெல்லாம் சரிதானுங்கண்ணா. ஆனா கோயமுத்தூர்ப் பக்கத் தெலுங்கு வீடுகளில் பலருக்குப் பேச்சு மட்டும்தான், எழுத்து தெரியாது. தமிழ் எழுத்தில் தெலுங்கைக் காட்டினால் எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. அந்தத் தாமதத்தை மூளையின் தலையில் கட்டிவிடக் கூடாது. அவங்களுக்குக் காதுச் சோதனைதான். உளவியலாளர் டோரீன் கிமுரா 1961ல் காட்டின வழி: இரண்டு காதிலும் ஒரே நொடியில் வேறு வேறு எண்ணை ஒலிக்கவிட்டு, கேட்டதைச் சொல்லச் சொல்வது. பொதுவாக வலது காது முந்தும், அது இடது மூளையின் கை ஓங்கியதற்கு அடையாளம். வலது காதில் சரியாகச் சொன்ன எண்ணிக்கையில் இடது காதின் சரியான எண்ணிக்கையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்குங்க. பாதியில் ஹெட்போனைப் பக்கம் மாற்றி மாட்டணும். இல்லைன்னா ஒரு பக்க ஸ்பீக்கர் கோளாறுகூட மூளைக் கணக்கில் ஏறிடும்.

காதுச் சோதனையில் எண்ணுக்குப் பதிலாக அசைகளை ஒலிக்கவிட்டால், வெளிநாட்டு அசைப் பட்டியலை அப்படியே எடுக்காதீங்க. அதில் pa, ta, ka என்று வல்லொலி மூணு, ba, da, ga என்று அதன் மெல்லிய ஜோடி மூணு. தமிழில் எழுதிக் காட்டச் சொன்னால் ஆறும் பா, டா, கா என்று மூணாகிடும்.

பல்லடம் தறி:
காதுச் சோதனைக்கு முன்னால ஆடியோமெட்ரி, அதாவது காது எவ்வளவு கேட்குதுன்னு அளக்குற சோதனை, எடுங்க சாமி! விசைத்தறிச் சத்தத்தில் வருசக்கணக்கா நின்ன காது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் மந்தமாகும். இரண்டு காதுக்கும் 10 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஆளைச் சேர்க்க வேண்டாம்.

பேரூரான்:
நியாயம். ஆட்களைப் பிரிக்கும்போது எத்தனை மொழி என்பதைவிட எந்த வயதில் வந்தது என்று கேளுங்க. ஹல், வைத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆறு வயதுக்குள் இரண்டு மொழியும் பிடித்தவர்களுக்கு இரு பக்கமும் ஈடுபட்டது. ஒருமொழியாளருக்கும், பிறகு கற்றவர்களுக்கும் இடது ஓங்கியது. வீட்டுத் தெலுங்கையும் பள்ளியில் வந்த இங்கிலீஷையும் ஒரே கூடையில் போட்டால் இந்த வித்தியாசமே மறைந்துபோகும்.

நொய்யல்கரை:
தமிழ் மட்டும் தெரிந்த ஆள்தான் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பெரும்பாலும் வயதானவங்க, படிப்புக் குறைவு. வயதையும் படிப்பையும் இரு குழுவிலும் சமப்படுத்துங்க. இடதுகைக்காரர்களைத் தனியாக வைங்க.