மேலே களிமண், கீழே பாறை: நிலநடுக்கக் கணக்கில் இந்த மனை எந்த வகை மண்?

மனை_பள்ளிக்கரணை:
பள்ளிக்கரணை பக்கம் ஸ்டில்ட்டும் (கார் நிறுத்த, சுவரில்லாமல் திறந்த தரைத்தளம்) அதன்மேல் 3 மாடியும் கட்டப்போகிறோம். உயரம் 12 மீட்டர், அகலம் 12 மீட்டர். மண் பரிசோதனையில் முதல் 6 மீட்டர் களிமண், எஸ்.பி.டி. மதிப்பு (சுத்தியலடி எண்ணிக்கையால் மண்ணின் உறுதியை அளப்பது) 4. அடுத்த 6 மீட்டர் மணல், 12. அதற்குக் கீழே சிதைந்த பாறை, 50. அறிக்கையில் "சராசரி 33, கடின மண்" என்று முடித்திருக்கிறார்கள். இது சரியா? இந்த மனைக்கென்று தனி நிலநடுக்க ஆய்வு தேவைப்படுமா?

மண்_சோதனை:
சரியில்லை. அவர்கள் சாதாரண சராசரி எடுத்திருக்கிறார்கள். ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்க விதிநூலின் 2016 பதிப்புப்படி, மேல் 30 மீட்டரில் ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் அதன் எஸ்.பி.டி. மதிப்பால் வகுத்துக் கூட்டி, அந்த 30 மீட்டரை இந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 6/4 = 1.5, 6/12 = 0.5, 18/50 = 0.36, மொத்தம் 2.36. 30/2.36 = 12.7. 30-க்கு மேல் இருந்தால்தான் கடின மண். 10-லிருந்து 30 வரை நடுத்தரம். உங்களுடையது நடுத்தரம், அதிலும் கீழ் விளிம்பை ஒட்டியது.

இப்படி வகுப்பதற்குக் காரணம் உண்டு. பாறையில் வேகமாக வரும் நிலநடுக்க அலை மென்மையான களிமண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது, வீச்சு பெருகுகிறது. மேலே கிடக்கும் அந்த 6 மீட்டரின் பலவீனத்தைக் கீழேயுள்ள பாறையின் 50 மறைத்துவிடக் கூடாது.

எண்களை நம்புவதற்கு முன் களக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. விழ வேண்டும்; முதல் 15 செ.மீ. இறங்க விழுந்த அடிகளை விட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு ஆன அடிகள்தான் கணக்கு. மணலில் துளையிடும்போது துளைக்குள் இருக்கும் நீர்மட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அடியிலிருந்து மணல் பொங்கி மதிப்பு பொய்யாகக் குறையும்.

ஸ்ட்ரக்சரல்_கணக்கு:
மண் வகையைத் திருத்தினாலும் உங்கள் கட்டடத்தின் மேல் வரும் நிலநடுக்க விசை மாறாது. செங்கல் சுவர் நிரப்பிய சட்டகத்துக்கு அலைவு நேரம் (கட்டடம் ஒரு முறை ஆடித் திரும்பும் நேரம்) 0.09 × உயரம் / √அகலம், அதாவது 0.09 × 12 / √12 = 0.31 நொடி. 0.40 நொடிக்குள் கடினம், நடுத்தரம், மென்மை என மூன்று வகை மண்ணுக்கும் அதிர்வைப் பெருக்கும் குணகம் 2.5-தான். 2002 திருத்தத்தில் சென்னை நிலநடுக்க ஜோன் (அபாய மண்டலம்) 2-லிருந்து 3-க்கு வந்தது; 2016 பதிப்பில் அந்த ஜோனின் எண் 0.16. கடைசியில் 5-ஆல் வகுப்பது, உடையாமல் வளைந்து கொடுக்கும் சட்டகத்துக்கான சலுகை. ஆகவே 0.16/2 × 2.5 / 5 = 0.04, அதாவது கட்டட எடையில் 4 சதவீதம். கட்டடம் 600 டன் என்றால் பக்கவாட்டு விசை 24 டன். 10 மாடி என்றால் நிலைமை வேறு: 1 நொடி அலைவு நேரத்தில் மென்மண்ணின் விசை பாறையைப் போல 1.67 மடங்கு.

இவ்வளவு சிறிய கட்டடத்துக்குத் தனி ஆய்வு தேவையில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு துளை போட்டு, மணலுக்குச் சல்லடைச் சோதனை செய்யுங்கள்.

மனை_பள்ளிக்கரணை:
விசை மாறாது என்றால் மணலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

மண்_சோதனை:
அது குழம்பாகலாம் என்பதால். நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள தளர்ந்த மணல் அதிரும்போது நீரழுத்தம் ஏறி, மணல் பிடிப்பை இழக்கும். ஜோன் 3-க்கு 5 மீட்டர் ஆழம் வரை 15, 10 மீட்டருக்குக் கீழே 25 என்ற மதிப்பாவது வேண்டும் என்கிறது விதி, நடுவே விகிதப்படி. உங்கள் 12 எந்த ஆழத்திலும் தேறவில்லை. மழைக்கால நீர்மட்டத்தை வைத்து குழம்பாகும் வாய்ப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். தேறாவிட்டால் பைலை (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் அடித்தளத் தூண்) பாறைவரை இறக்குங்கள். மணல் அடுக்கின் உரசலைப் பைலின் தாங்குதிறனில் சேர்க்காதீர்கள். செலவைக் குறைக்கப் பைலுக்குள் வைக்கும் கம்பிக்கூட்டைப் பாதி ஆழத்தில் நிறுத்திவிடுவார்கள். மணல் பிடிப்பை இழந்தால் பைல் அதிகம் வளைவது மணலும் பாறையும் சந்திக்கும் இடத்தில். கம்பி அதைத் தாண்டிப் போக வேண்டும்.

ஸ்ட்ரக்சரல்_கணக்கு:
மேலே 5-ஆல் வகுத்தேனே, அது ஐ.எஸ். 13920 (நிலநடுக்கத்துக்கான கம்பிக்கட்டு விதிநூல்) விதிப்படி கம்பி கட்டினால் மட்டுமே செல்லும். காலத்தின் (தூணின்) கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 135 டிகிரி மடிய வேண்டும். 90 டிகிரி மடித்தது கான்கிரீட் உதிர்ந்ததும் திறந்துவிடும். 300 மி.மீ. காலத்தில் மேலும் கீழும் குறைந்தது 450 மி.மீ. நீளத்துக்கு ரிங் இடைவெளி 75 மி.மீ. தளத்துக்குச் சற்று மேலேயே கம்பியை ஒட்டுப் போடுவது எங்கும் நடக்கும் தவறு. ஒட்டு காலத்தின் நடுப்பகுதியில்தான் வர வேண்டும்.

ஸ்டில்ட்டை அப்படியே விடாதீர்கள். 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல இப்படித் தரைத்தளம் திறந்த கட்டடங்கள். மேல்மாடிகளில் சுவர் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும். அசைவு முழுவதும் கீழ்த்தளக் காலங்களில் குவியும். தரைத்தளத்தின் விறைப்பு மேல்தளத்தினதில் 80 சதவீதத்துக்கு மேலும், வலிமை 90 சதவீதத்துக்கு மேலும் வர வேண்டும். கார் நிறுத்தும் இடம் போக, இரண்டு திசையிலும் சமச்சீராகக் கான்கிரீட் சுவர்கள் வையுங்கள். லிஃப்ட் சுவரை மட்டும் ஒரு மூலையில் வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்.