ரோசத்துக்கு ஆங்கிலத்தில் என்ன? கொழும்பில் தமிழ் தெரிந்த உளவளத்துணையாளர் தேடுகிறேன்

வெள்ளவத்தைக்காரி

வயது 39. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், இரண்டு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த மாமி. மாமா போனபின் அவரைத் தனியே விடக்கூடாது என்று நான்தான் கூட்டிவரச் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பதில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் மாமியின் தலையில் பழியைக் கட்டிவிடுவார்கள். மாமி நல்லவர். பிரச்சினை எங்கள் இருவருக்கும் இடையில்தான்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு நானும் அவரும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒருநாள் பெரிதாகச் சண்டை பிடித்துவிட்டால்கூடத் தேவலை போலிருக்கிறது. வீட்டுச் செய்தியெல்லாம் மகள் வழியாகப் போகிறது. "காஸ் முடியப்போகிறது என்று அப்பாவிடம் சொல்லு." "மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று அம்மாவிடம் கேள்." போன கிழமை அவள், "அம்மா, நீங்களே சொல்லுங்கள், அவர் குசினியில்தான் நிற்கிறார்" என்றாள். அவர் ஐந்தடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் சிரிக்கவும் இல்லை.

இதற்கு முன் உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சலிங்குக்கு, இரண்டு பேரிடம் போய்ப் பார்த்துவிட்டேன்.

முதலில் தமிழர் ஒருவர். பெயரும் இடமும் வேண்டாம். இரண்டாவது தடவை போனபோது, "உங்கள் வீட்டுக்காரர் இன்ன ஊரா? அப்படியென்றால் இன்னாருடைய மருமகன்" என்று சிரித்தபடி கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். அவருடைய மனைவியின் தங்கை என் மச்சாளோடு ஒரே வகுப்பில் படித்தவராம். அதன்பிறகு என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அளந்து வந்தது. அவர் சொன்னதும் எங்கள் சித்தி சொல்வதைப்போலத்தான்: பெண்பிள்ளை, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனால் என்ன. அதைச் சித்தி இலவசமாகவே சொல்வார், கையில் பலகாரமும் தருவார்.

அங்கே காத்திருந்த அறையில் இன்னொரு கூத்து. அது பல மருத்துவர்கள் வந்துபோகும் சனலிங் நிலையம். கோயிலில் பூக்கட்டுகிற அன்ரி ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்து, "என்ன பிள்ளை, சுகமில்லையா?" என்றார். வாய்க்கு வந்தபடி, "சீனி பார்க்க வந்தேன், அன்ரி" என்றேன். "இந்த வயதிலேயா!" என்று கன்னத்தில் கை வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மாமி என் தேநீரில் சீனி போடவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. காலி வீதியைத் தாண்டி, நான்கு மாடி ஏறி, அந்தச் செய்தி மூன்று நாளில் எங்கள் குசினிக்கு வந்துவிட்டது.

அதனால் அடுத்ததாக கொழும்பு 7 பக்கம் ஓர் உளவியலாளரிடம் போனேன். தமிழ் தெரியாது, ஆங்கிலம். கெட்டிக்காரி, பொறுமைசாலி. ஐம்பது நிமிடத்துக்கு 6,000 ரூபா. காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன், ஆங்கிலம் எனக்குப் பயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் தன் அண்ணன்மார் முன்னால், "இவளுக்கு எங்கே சமைக்க நேரம், எல்லாம் கடைச் சாப்பாடுதான்" என்று என் கணவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இதைச் சொன்னேன். "கோபமா?" என்றார். இல்லை. "அவமானமா?" கொஞ்சம், ஆனால் அது இல்லை. "பெருமையா?" ஐயோ, அதுவுமில்லை. எனக்கு ரோசம் வந்தது. ரோசத்துக்கு ஆங்கிலத்தில் என்ன? பத்து நிமிடம் தேடினோம். கடைசியில் அவர் தன் தாளில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். கோபம் என்றுதான் எழுதியிருந்தார்.

இப்போது என் கேள்வி இதுதான். தமிழில் பேசினால் ஊருக்குத் தெரிகிறது. ஊருக்குத் தெரியாமல் பேசினால் தமிழ் இல்லை. நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? அவர் வரமாட்டார் என்று தெரியும். நான் மட்டும் போவதில் பலன் உண்டா?

ஜம்பட்டா வீதி அண்ணன்

தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனை. என் அனுபவத்தைச் சொல்கிறேன், எடுத்தால் எடுங்கள்.

முதலில் யாரிடம் எதற்குப் போகிறோம் என்பது தெரியவேண்டும். உளமருத்துவர் என்பவர் டாக்டர். மருத்துவம் படித்து, அதன்மேல் உளமருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதக்கூடியவர் அவர்தான். மருத்துவச் சபையில் பதிவு இருக்கும். உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார், பேசித்தான் வேலை செய்வார். உளவளத்துணையாளர் என்ற பலகையின் பின்னால் மட்டும் யாரும் இருக்கலாம். நல்ல படிப்பும் பயிற்சியும் உள்ளவர்களும் இருக்கிறார்கள், மூன்று மாதச் சான்றிதழை சட்டம் போட்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஆள் என்றால் கோபிக்கமாட்டார்.

என் மனைவி ஒரு வருடம் பேசாமல் கிடந்தாள். நாள் முழுக்க நித்திரை, தலைமயிர் கொட்டுகிறது, எதற்கும் அழுகை. நான் அதை வீம்பு என்று நினைத்துச் சண்டை பிடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடிக்கக் கையோங்கியும் இருக்கிறேன். தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம், ஒரு சதம் செலவில்லை, காத்திருப்புத்தான். உளமருத்துவர் முதல் நாளே இரத்தம் எடுக்க எழுதினார். தைரொயிட் குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இரண்டு மாதத்தில் ஆள் எழும்பி நடமாடினாள். ஆனால் மாத்திரை தீர்த்தது நித்திரையைத்தான். நான் பேசிய பேச்சுக்கு மாத்திரை இல்லை. அதற்கு வேறோர் ஆளிடம் இரண்டு பேருமாக எட்டு மாதம் போனோம்.

எங்கள் சின்ன வயதில், மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்பது ஒரு வசவு. "அங்கொடையில் கொண்டுபோய் விடவேண்டிய கேஸ்" என்பார்கள். இன்றைக்கு அதே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசி எடுக்கலாம். நான் எடுத்திருக்கிறேன்.

சிவநேசன்

சகோதரி, இதற்கெல்லாம் வெளி ஆட்களிடம் போய்க் குடும்ப விஷயத்தைச் சொல்லவேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை விரதம் பிடியுங்கள். முருகன் பார்த்துக்கொள்வான்.

வெள்ளவத்தைக்காரி

ஏற்கெனவே பிடிக்கிறேன், அண்ணை. அவரும் பிடிக்கிறார். தனித்தனியே.

தெமட்டகொடை மர்லியா

நானும் தமிழ்தான் பேசுகிறேன், ஆனால் உங்களுக்கு நேரெதிராகச் சொல்லப்போகிறேன்.

எங்களுடையது காதி நீதிமன்றம்வரை, அதாவது முஸ்லிம்களின் திருமண வழக்குகளைக் கேட்கிற நீதிமன்றம்வரை, போனது. காதியார் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார். அங்கே வாப்பா பேசினார், மாமனார் பேசினார், நானா (என் அண்ணன்) பேசினார். நான் பேசியது இரண்டு வசனம். அந்த இடம் அதற்குத்தான், குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேறு ஓர் இடமும் தேவைப்பட்டது.

கிடைத்தவர் சிங்களப் பெண்மணி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என் சிங்களம் கடைச் சிங்களம், பஸ் சிங்களம். அந்தப் பாஷையில் எனக்கு அழத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல முடிந்தது: இன்ன நாள் இன்னது நடந்தது, அவர் இதைச் சொன்னார், நான் கதவைச் சாத்தினேன். தமிழில் சொல்ல உட்கார்ந்திருந்தால் ஒப்பாரிதான் வந்திருக்கும். அழுகை வீட்டுக்கு வந்தபின் வந்தது, அது வேறு விஷயம்.

கோபம் என்று எழுதினார் என்று அவரை விட்டுவிடாதீர்கள் என்பது என் எண்ணம். ரோசம் என்ற சொல்லை அப்படியே அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். என்னுடையவர் "கைசேதம்" (நடந்ததை நினைத்து வருந்துவது) என்ற சொல்லைப் படித்துக்கொண்டார். மூன்றாம் மாதத்தில் அவரே அதைச் சரியான இடத்தில் பாவித்தார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கிழக்குக் காற்று

அக்கா, நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், ஆறு வருடமாக. பெயர் எழுதவில்லை, ஏனென்றால் எனக்கும் ஊர் சின்னது.

முதலாவது ஆள் செய்தது பிழை. சேவை பெற வந்தவர் தெரிந்த வட்டத்துக்குள் இருக்கிறார் என்று தெரிந்தவுடன், அதைச் சிரித்துச் சொல்லிவிட்டுத் தொடர்வது முறையில்லை. "இது உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா, வேறொருவரிடம் அனுப்பவா?" என்று அவர்தான் கேட்டிருக்கவேண்டும். நீங்கள் சொல்கிற எதுவும் அந்த அறையை விட்டுப் போகக்கூடாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ, ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால்தான் அந்த எல்லை மாறும். இதை முதல் நாளே வாயால் சொல்லாதவரிடம் நான் என் தங்கையை அனுப்பமாட்டேன்.

தனியே போகலாம். இரண்டு பேர் இழுக்கிற கயிற்றில் ஒருவர் பிடியை மாற்றினாலும் மற்றவர் நின்ற இடத்தில் நிற்க முடியாது. நல்ல பக்கமாகத்தான் நகர்வார் என்று மட்டும் யாரும் உறுதி தரமுடியாது. கையோங்குவது, அடி, பயம் என்று ஏதாவது இருந்தால் கதை வேறு. அப்போது இருவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பதே ஆபத்தாகலாம். 1938 பெண்களுக்கான இலக்கம். அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. உங்கள் எழுத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் இதைக் கேட்காமல் நான் யாருக்கும் பதில் எழுதுவதில்லை.

யாராவது சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்கிற இரவு வந்தால் சுமித்ரயோ இருக்கிறது, 1974ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. அவர்கள் தொண்டர்கள். சிகிச்சை தரமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள், கேட்பார்கள். உங்கள் சித்திக்கு முற்றிலும் எதிர்.

மகள் விஷயத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டாம். அந்தத் தபால் வேலையை இன்றைக்கே நிறுத்துங்கள். கணவரிடம் பேச முடியாவிட்டால் தாளில் எழுதி வையுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். பிள்ளையின் வாய்க்குள் உங்கள் வசனத்தைத் திணிப்பதைவிட அது மேல்.

தமிழுக்கும் ஊருக்கும் நடுவில் மாட்டியதற்கு ஒரே வழி, கொழும்பில் தேடாதீர்கள். வீடியோவில் செய்கிறவர்கள் இப்போது நிறையப்பேர். யாழ்ப்பாணம் வேண்டாம், மாமியின் ஊர். மட்டக்களப்பில் தேடுங்கள். உங்கள் மச்சாளோடு படித்தவர்கள் அங்கே இருக்க வாய்ப்புக் குறைவு. முதல் அழைப்பிலேயே ஊர், உறவு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெளிந்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை பேசியும் மனம் ஒட்டவில்லையென்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வெள்ளவத்தைக்காரி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

ஜம்பட்டா வீதி அண்ணன் சொன்னபடி இரத்தம் பார்த்தேன். தைரொயிட் சரி. சீனியும் சரி, அதை இந்த வீட்டில் யாரிடம் சொல்வது.

மட்டக்களப்பில் ஒருவர் கிடைத்தார். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு வீடியோவில். எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வீட்டில் இரண்டு அறை, நான்கு பேர், சுவர் மெல்லிசு. காரில் பேசலாம் என்று கீழ்த்தளத்துக்குப் போனால் அங்கே சிக்னல் இல்லை. அதனால் மரைன் டிரைவில் கடலைப் பார்த்துக் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசுகிறேன். பாணந்துறைப் பக்கம் ரயில் போகும்போது இருவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறோம். அந்த அரை நிமிடத்தில் சிலவேளை சொல்ல வந்ததை மாற்றிவிடுகிறேன்.

நான் ஒன்றைச் சொல்லி நிறுத்தினால் அவர் "மறுகா?" என்கிறார். பிறகு என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாம் கிழமை அந்தக் கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லி, எனக்கு ரோசம் வந்தது என்றேன். தாளில் ஒன்றும் எழுதவில்லை. "அன்றைக்கு வந்தது ரோசம். இப்போது இருப்பதும் ரோசமா, வீம்பா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அடுத்த வியாழன்வரை பிடித்தது. பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

மர்லியா, நீங்கள் சொன்னதையும் யோசித்தேன். எனக்கு அழத்தான் வேண்டியிருந்தது போல.

மகளைத் தபால் வேலையிலிருந்து நீக்கியாயிற்று. இப்போது குளிர்சாதனப்பெட்டிக் கதவில் தாள். என் எழுத்தின் கீழே அவர் "சரி" என்று எழுதுகிறார். "அம்மா வியாழக்கிழமைகளில் எங்கே போகிறா?" என்று மகளிடம் கேட்டிருக்கிறார். "அதை அம்மாவிடமே கேளுங்கள்" என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் இன்னும் கேட்கவில்லை.

மாமி கேட்டார். கிளினிக்குக்கு என்றேன், அது பொய்யும் இல்லை. அதனால் தேநீரில் இன்னும் சீனி இல்லை.