‘ஒரே குடும்பம்’ என்கிற தனியார் பெண்கள் பள்ளி: நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கும் அதில் இடம் உண்டா?

மதுரை அம்மா எழுதியது:

மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகும் என் மகளை, வரும் ஜூனில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளியைப் பார்க்கப் போயிருந்தபோது அங்குள்ள தலைமையாசிரியை, “இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே குடும்பம், புதிதாக வருகிறவள் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்வாள்” என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகவே வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவில், ஆங்கிலம் பேசத் தடுமாறுகிற ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் போய் உட்கார்ந்தால், அந்தக் குடும்பம் அவளையும் சேர்த்துக்கொள்ளுமா என்பதுதான் என் கவலை.

எங்களுக்கு இது சிறிய முடிவு அல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இரண்டையும் விட்டுவிட்டு, கட்டணமும் கட்டி, பிள்ளையை அனுப்புகிறோம் என்றால் அங்கே அவள் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும். படித்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் சொல்லுங்கள்.

கோவை பழைய மாணவி எழுதியது:

அம்மா, தயங்காமல் சேருங்கள். கிராமத்து இருபாலர் பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, பதினோராம் வகுப்புக்குத்தான் நான் ஒரு தனியார் பெண்கள் பள்ளிக்கு வந்தேன். முதல் நாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் விழித்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தம்முடைய ஹவுஸ் வரிசையில் நிறுத்திக்கொண்டார். புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் ஓர் அக்காவை ஒதுக்குவது அந்தப் பள்ளியில் பல காலமாக இருந்த ஏற்பாடு. பழைய நோட்டுகளைக் கொடுப்பது, எந்த ஆசிரியை எதை எதிர்பார்ப்பார் என்று சொல்லித்தருவது, காலாண்டுத் தேர்வு வரை தினம் ஒரு முறையாவது வகுப்புக்கு வந்து பார்ப்பது ஆகியவை அந்த அக்காவின் பொறுப்பு.

பெண்கள் மட்டும் படிக்கும் இடத்தில் கிடைக்கும் வேறொன்றும் உண்டு. எங்கள் முதலுதவி அறை அலமாரியின் இரண்டாவது தட்டில் நாப்கினும், மடித்துவைத்த சீருடைப் பாவாடைகளும் எப்போதும் இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம், எந்தப் பதிவேட்டிலும் பெயர் எழுத வேண்டாம். எடுத்துக்கொண்டு போய், துவைத்து உலர்த்தி, அதே தட்டில் திருப்பி வைத்துவிட வேண்டும். பாவாடையில் கறை பட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற பள்ளியிலிருந்து வந்த எனக்கு, இந்தப் பள்ளி என்னை ஏற்றுக்கொண்டது என்பது அந்தத் தட்டைப் பார்த்த அன்றுதான் உறைத்தது. ஆண்டு விழாவில் ஏணியில் ஏறி விளக்குக் கட்டுவதும், ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுப்பதும், செலவுக் கணக்கு எழுதுவதும் நாங்களேதான். ‘இது பையன்கள் வேலை’ என்று ஒதுக்கிவைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

நெல்லை வழக்கறிஞர் எழுதியது:

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்குள் நுழைந்துவிட்டவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை வைத்து மட்டும் ஒரு பள்ளியின் வரவேற்பை அளந்துவிட முடியாது. வாசலில் யாரை நிறுத்துகிறார்கள் என்பதும் அதில் அடங்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 12ஆம் பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்புச் சேர்க்கையில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. 13ஆம் பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2014இல் சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. பெயர்பெற்ற பெண்கள் பள்ளிகளில் கணிசமானவை துறவற சபைகளும் பிற சிறுபான்மை அமைப்புகளும் நடத்துபவை என்பதால், ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது அங்கே நிர்வாகத்தின் மனதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இந்த 25 சதவீதத்தில் சேர்ந்தவர்களுக்கும் எட்டாம் வகுப்போடு சட்டப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. எட்டு ஆண்டுகள் ‘ஒரே குடும்பம்’ என்று கேட்டு வளர்ந்த பெண், ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் வேறு பள்ளி தேடிப் போகிறாள். இப்படி வெளியேறிய பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். தமிழில் பேசினால் அபராதம் என்கிற விதியையும், மதிய உணவில் முட்டைகூடக் கொண்டுவரக் கூடாது என்கிற விதியையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டிலேயே தமிழைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் இயற்றிய மாநிலத்தில், வீட்டில் பேசுகிற மொழிக்காகவும் வீட்டில் சமைத்த சோற்றுக்காகவும் ஒரு பிள்ளை கூனிக்குறுகினால், அக்கா வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவதால் அந்தக் கூச்சம் தீர்ந்துவிடுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை எழுதியது:

வழக்கறிஞர் தம்பி சொல்லும் விதிகள் பல பள்ளிகளில் இருப்பது உண்மை. ஆனால் அவை பள்ளியோடு கூடப் பிறந்தவை அல்ல. ஆசிரியர்கள் சேர்ந்து பேசினால் மாறக்கூடியவை. நான் பணியாற்றிய பெண்கள் பள்ளியில் பிறந்தநாளன்று வண்ண உடையில் வந்து வகுப்புக்கெல்லாம் சாக்லேட் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வாங்கிக் கொடுக்க முடியாத பிள்ளைகள் அன்றைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுப்பதைக் கவனித்த பிறகு, பிறந்தநாளிலும் சீருடைதான், சாக்லேட் கிடையாது என்று ஆசிரியைகள் முடிவெடுத்தோம். பெற்றோரில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் விடுப்பு நின்றது.

மதுரையிலிருந்து எழுதும் அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிய பிள்ளை தனித்துப்போவது பாட வேளையில் அல்ல, மதிய இடைவேளையில். பழைய பிள்ளைகள் வேப்பமரத்தடியில் அவரவர் கூட்டத்தோடு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். புதியவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்துகொண்டே இருப்பாள், பசியில்லை என்பாள். “போய் அவர்களோடு உட்கார்” என்று ஆசிரியை கட்டளையிட்டால் அன்றைக்கு இடம் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. ஜூன் மாதம் முழுவதும் வகுப்பாசிரியையும் பிள்ளைகளோடு சாப்பிட வேண்டும், யார் யாரோடு உட்காருவது என்பதை வாராவாரம் மாற்ற வேண்டும். பெண் பிள்ளைகள் அடித்துக்கொள்வது குறைவு. பேசாமல் இருந்தே ஒருத்தியை ஒதுக்கிவிடுவார்கள். எந்தப் புகார்ப் பெட்டியிலும் அது வராது. பார்க்கத் தெரிந்த ஆசிரியை ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தால்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்து வாசகி எழுதியது:

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்தது அல்ல. எங்கள் உடுவில் மகளிர் கல்லூரியின் கதையைப் பாருங்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் அதைப் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையாகத் தொடங்கினார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், சோறும் துணியும் தங்குமிடமும் கொடுத்துப் படிக்கவைத்தார்கள். அங்கே சுமார் நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையார் தாய்மாருக்கும் அவர்களுடைய மகள்மாருக்கும் பாடம் சொன்னவர். ‘ஆயிரம் மகள்மாரின் தாய்’ என்று பெயர் எடுத்தவர். அந்தப் பரிவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஆரம்ப காலத்தில் பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயரே சூட்டப்பட்டது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்தால் மிஷன் சீதனமும் கொடுத்தது. நீ எங்களைப் போல மாறினால் நீ எங்கள் பிள்ளை என்பதே அந்த வரவேற்புக்குள் இருந்த நிபந்தனை. அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும், நிபந்தனை போட்டுத்தான் பிள்ளையை ஏற்றுக்கொள்வது என்கிற பழக்கம் வேறு வேறு உருவத்தில் பல இடங்களில் தங்கியிருக்கிறது. அன்றைக்குப் பெயரும் மதமும். இன்றைக்கு ஆங்கில உச்சரிப்பும் சாப்பாட்டுப் பெட்டியும். கோவைத் தங்கச்சி, உங்களுக்குக் கிடைத்த அக்கா உங்கள் பேச்சுத் தமிழைத் திருத்தாமல் இருந்தாரா என்பதை அறிய விரும்புகிறேன்.

கோவை பழைய மாணவி எழுதியது:

அக்கா, திருத்தவில்லை. என் கொங்குப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் வகுப்பில் இருந்தார்கள். அவர்களை அந்த அக்காதான் கண்டித்தார். ஆனால் ஆங்கிலம் பேசச் சொல்லி என்னை விடாமல் வற்புறுத்தியவரும் அவர்தான். அதை நான் நிபந்தனையாக நினைக்கவில்லை. கல்லூரி நேர்முகத் தேர்வில் தடுமாறாமல் பேச முடிந்தது அதனால்தான். பிள்ளையை உள்ளபடியே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவள் கற்க வேண்டியதைக் கற்றுக்கொடுக்காமல் விடுவதும் ஒருவகை ஒதுக்கல்தான். அபராதம் தவறு என்பதில் வழக்கறிஞரோடு எனக்கு வேறுபாடு இல்லை. பழகும்வரை பொறுமையாகக் கூட இருப்பவர்களையும் அபராதம் போடுகிறவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நெல்லை வழக்கறிஞர் எழுதியது:

அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் உங்களுக்குக் கிடைத்த அக்கா நல்லவர் என்பது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்த ஆண்டு வருகிறவளுக்கு வேறு மாதிரி அக்கா வாய்த்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வது? ஆசிரியை அம்மா சொன்ன மாற்றங்களும் அப்படித்தான்: நல்ல ஆசிரியைகள் சேர்ந்தால் வருகின்றன, அவர்கள் ஓய்வு பெற்றால் போய்விடுகின்றன. ஆகவே நான் எழுத்தில் கேட்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு நிர்வாகம் என்ன செய்யும், ஆண்டு விழா உடைக்கும் சுற்றுலாவுக்கும் அதிகபட்சம் எவ்வளவு வாங்கும், பேச்சு மொழிக்காகத் தண்டனை உண்டா என்பவற்றைப் பள்ளி தன் கையேட்டில் அச்சிட்டுத் தரட்டும். அன்பை அச்சிட முடியாது என்று சொல்வார்கள். கட்டணத்தை அச்சிடுகிற பள்ளியால் சலுகையையும் அச்சிட முடியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை எழுதியது:

தம்பி, கட்டணம் பற்றிய விதி எழுத்தில் வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் மதிய இடைவேளையில் யாரோடு உட்காருவது என்பதைக் கையேடு தீர்க்காது. எழுதிவைத்த விதியைக் காட்டி, ‘எங்கள் பள்ளியில் ஒதுக்கலே கிடையாது’ என்று நிர்வாகங்கள் கைகழுவுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அம்மா, சேர்க்கைக்கு முன்பு ஒரு நாள் பன்னிரண்டரை மணிக்குப் போய், மதிய இடைவேளையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே விட மறுத்தால், மறுத்த விதத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மதுரை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பதாம் வகுப்புக் கட்டணம், ஆண்டு விழாச் செலவு, தமிழில் பேசுவது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பதிலும் எழுத்தில் வேண்டும் என்று அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். மதிய இடைவேளையைப் பார்க்க வரலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று கேட்கப்போகிறேன். தாளுக்குப் பதில் வராவிட்டால், எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்க்கைக்கும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.