கச்சா எண்ணெய் இறங்கி ஆறு வாரம் ஆகிறது, பெட்ரோல் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

நாலுசக்கரம் கேட்டது:

வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் தேதி, லிட்டர், விலை மூன்றையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. நேற்று ராத்திரி அந்த நோட்டைப் புரட்டியபோது வயிறு எரிந்தது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கச்சா எண்ணெய் ஏறுகிறது என்று செய்தி வந்த வாரமே பங்க்கில் விலை ஏறிவிட்டது, நாலு நாளில் இரண்டு தடவை. அப்புறம் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 80 டாலரில் இருந்து 64 டாலருக்கு வந்துவிட்டது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாயிற்று. ஆறு வாரம் ஓடிவிட்டது. என் நோட்டில் பெட்ரோல் விலை 4 சதவீதம்கூடக் குறையவில்லை.

ஏற்றுவதற்கு நாலு நாள் போதும் என்றால் இறக்குவதற்கு மட்டும் ஏன் இத்தனை இழுபறி? பங்க்கில் கேட்டால் "எங்களுக்கு வருகிற விலையே அதுதான்" என்கிறார்கள். கம்பெனிகள் கொள்ளை அடிக்கின்றன என்கிறார் ஒருவர், எல்லாம் வரிதான் என்கிறார் இன்னொருவர், கணக்கு மட்டும் யாரும் காட்டவில்லை. தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். மாசக் கடைசியில் எனக்கு ஏதாவது மிஞ்சுமா என்பது இந்த ஒரு விலையில்தான் இருக்கிறது.

பழைய கணக்கர் எழுதியது:

பதினோரு வருஷம் ஒரு பங்க்கில் கணக்கு எழுதியவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் அந்த 16 டாலரை லிட்டருக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்க காலன், கிட்டத்தட்ட 159 லிட்டர். வகுத்தால் லிட்டருக்குப் 10 சென்ட் வரும். கச்சா எண்ணெய் குறைந்ததால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது அவ்வளவுதான், மொத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு கிடையாது. ஏனென்றால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் சுத்திகரிப்பு, போக்குவரத்து, டீலர் கமிஷன், வரி எல்லாம் அடக்கம். நீங்கள் கொடுக்கிற 100இல் கச்சா எண்ணெயின் பங்கு 40 என்று வைத்துக்கொண்டால் (வரி கூடுதலாக உள்ள நாட்டில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்), அந்த 40இல் ஐந்தில் ஒரு பங்கு 8. ஒரு காசு விடாமல் கொடுத்தால்கூட 8 சதவீதம்தான் குறையும்.

வரியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலையில் இத்தனை சதவீதம் என்று போடுகிற வரி விலையோடு சேர்ந்து இறங்கும். லிட்டருக்கு இவ்வளவு என்று போடுகிற வரி, கச்சா எண்ணெய் பாதியாகக் குறைந்தாலும் அசையாது. எரிபொருள் மீது பல நாடுகள் வைத்திருப்பது இந்த இரண்டாவது வகைதான். போதாக்குறைக்கு, விலை இறங்குகிற நேரத்தைப் பார்த்து அரசாங்கங்களும் கை வைக்கும். 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் விற்ற பிரென்ட் கச்சா எண்ணெய் (உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கிற வட கடல் வகை) 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அந்த இடைவெளியில் இந்தியா கலால் வரியைப் பல தடவை ஏற்றியது, மலேசியாவும் இந்தோனேசியாவும் பெட்ரோல் மானியத்தை எடுத்துவிட்டன. குறைந்த பணத்தில் பெரும் பகுதி கஜானாவுக்குப் போனது, வண்டி ஓட்டுகிறவன் கைக்கு வரவில்லை.

சரி, 8 குறைய வேண்டிய இடத்தில் 4கூடக் குறையவில்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். தினமும் காலையில் தரையில் இருக்கிற டேங்க் மூடியைத் திறந்து டிப் ராடை உள்ளே விடுவோம், ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து லிட்டர் கணக்கை எழுதுவோம். அதற்குள் கிடப்பது முன்பு ஒரு விலைக்கு வாங்கிய சரக்கு. விலை இறங்குகிற நாளில் முதலாளி அந்தக் கோட்டைக் காட்டி, "இது கூடுதல் விலைக்கு வாங்கியது, இதை விற்றுத் தீர்க்கிறவரை போர்டை மாற்றாதே" என்பார். விலை ஏறுகிற நாளில் அதே டேங்கில் பழைய மலிவான சரக்கு இருக்கும், ஆனால் அன்றைக்கு அவர் பேசுவது அடுத்த லோடுக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றி. அவர் பக்கமும் கஷ்டம் உண்டு, லோடுக்கு முன்பணம் கட்ட வேண்டும்தான். ஆனால் ஒரே டேங்குக்கு இரண்டு நியாயம் பேசுவது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. அதற்காக உங்கள் ஆறு வாரத்தையும் இதன் தலையில் கட்ட முடியாது. ஓட்டம் உள்ள பங்க்கில் சில நாளிலேயே டேங்க் காலியாகிவிடும்.

டாப்கியர் எழுதியது:

2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மைனஸ் 37 டாலருக்குப் போனதே. அன்றைக்கும் நாம் காசு கொடுத்துத்தானே பெட்ரோல் போட்டோம்? எல்லாரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வாலைக்கோபுரம் எழுதியது:

டாப்கியர், ஏப்ரல் 20 அன்று மைனஸுக்குப் போனது டபிள்யூடிஐ என்ற அமெரிக்கக் கச்சா எண்ணெய் வகையில் மே மாத டெலிவரிக்கான ஒப்பந்தம் மட்டும். மறுநாள் அது முடிகிறது, கையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமாவில் உள்ள குஷிங்கில் எண்ணெயை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் அங்கே தொட்டிகளில் மிச்சம் இருந்த இடமும் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருந்தது. அதே நாளில் பிரென்ட் 25 டாலரை ஒட்டி விற்றது. ஆகவே அதை வைத்துப் பெட்ரோல் விலையை அளக்க முடியாது.

நாலுசக்கரம், நான் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கவனிக்க வேண்டியது கச்சா எண்ணெய் விலையே இல்லை என்பதுதான் என் பதில். பெட்ரோலுக்குத் தனியாக ஒரு மொத்த விலைச் சந்தை இருக்கிறது. சிங்கப்பூர், ராட்டர்டாம், நியூயார்க் என்று அதற்கென்று மையங்கள் உண்டு, கம்பெனிகள் பெரும்பாலும் அந்த விலையை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. கச்சா எண்ணெயும் பெட்ரோலும் எதிரெதிர்த் திசையில் போன நாட்களும் உண்டு.

2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் டெக்சாஸில் கரையைக் கடந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலை இருந்த போர்ட் ஆர்தர் வெள்ளத்தில் மிதந்தது, அந்த நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் கிட்டத்தட்ட கால் பங்கு நின்றுபோனது. ஆலைகள் நின்றதால் கச்சா எண்ணெயை வாங்க ஆள் இல்லை, அதன் விலை இறங்கியது. அதே ஆலைகள் நின்றதால் பெட்ரோல் கிடைக்கவில்லை, அதன் விலை ஏறியது. ஒரே காரணம்தான், ஒன்றைக் கீழே தள்ளி மற்றொன்றை மேலே தூக்கிவிட்டது. கச்சா எண்ணெய் மலிந்த செய்தியைப் படிக்கும்போது, அது ஏன் மலிந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கிணற்றில் இருந்து கூடுதலாக வருவதால் மலிந்ததா, அல்லது காய்ச்ச ஆள் இல்லாமல் தேங்கியதால் மலிந்ததா? முதலாவது என்றால் உங்களுக்குக் கொஞ்சமாவது வந்து சேரும். இரண்டாவது என்றால் வராது.

புயல்தான் வர வேண்டும் என்று இல்லை, பராமரிப்பு ஷட்டவுனும் இதையே சின்ன அளவில் செய்யும். எங்கள் ஆலையில் கிராக்கர் என்ற யூனிட் இருக்கிறது. மாவு போன்ற வினையூக்கியைப் பழுக்கக் காய்ச்சி அதன்மேல் கனமான எண்ணெயை விட்டால் அது உடைந்து பெட்ரோலாகும். சில வருஷத்துக்கு ஒரு தடவை அதை நிறுத்தி, ஆறவிட்டு, மாவை வெளியே எடுத்து, ஆட்கள் உள்ளே இறங்கி, சுவர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று விளக்கு வைத்துத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். முடிய வாரக்கணக்கில் ஆகும். பல ஆலைகள் இந்த வேலையை ஒரே பருவத்தில் வைத்துக்கொள்வதால் அந்த மாதங்களில் கச்சா எண்ணெய் வாங்குவது குறையும், பெட்ரோல் வருவதும் குறையும்.

இன்னொன்றும் பாருங்கள். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலர் வரை போனது. 2022 ஜூனில் 120 டாலரை ஒட்டித்தான் இருந்தது, ஆனாலும் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை 2008ஐத் தாண்டி எகிறியது. கொரோனா காலத்தில் பல ஆலைகளை நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள், அப்புறம் எல்லாரும் வண்டியை வெளியே எடுத்தபோது காய்ச்சித் தர அடுப்பு போதவில்லை. அந்த வருஷம் ஆலைகள் பார்த்த லாபம் மிகப் பெரியது, அதை நான் மறைக்க மாட்டேன்.

ஓடோமீட்டர் எழுதியது:

வாலைக்கோபுரம் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் அது முழுப் பதில் இல்லை. மொத்த விலையில் பெட்ரோல் இறங்கிய பிறகும் பங்க் விலை மெதுவாகத்தான் இறங்குகிறது. பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது, ராக்கெட்டும் இறகும். ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு. 1991இல் ராபர்ட் பேகன் என்ற ஆய்வாளர் பிரிட்டன் பெட்ரோல் சந்தையைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார். 1997இல் போரன்ஸ்டீன், கேமரன், கில்பர்ட் மூவரும் அமெரிக்காவிலும் இதைக் கண்டார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை, ஆனால் நாலுசக்கரம் நோட்டில் இருப்பது அவருடைய பிரமை இல்லை என்பது நிச்சயம்.

இதற்குச் சதி தேவையில்லை, நம் பழக்கமே போதும். விலை ஏறும்போது நாம் கோபப்பட்டு, நாலு பங்க் சுற்றி, எங்கே குறைவு என்று தேடுகிறோம். இறங்க ஆரம்பித்ததும், நேற்றைவிடக் குறைவுதானே என்று முதலில் வருகிற பங்க்கிலேயே வண்டியை விடுகிறோம். யாரும் தேடவில்லை என்றால் பக்கத்து பங்க்கைவிட முந்திக்கொண்டு இறக்க எந்த முதலாளிக்கும் அவசரம் இருக்காது. அந்த நாட்களில் அவர்களுடைய லாபம் கொழுக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001இல் ஃப்யூவல்வாட்ச் என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். நாளைய விலையை ஒவ்வொரு பங்க்கும் இன்றைக்கே அரசிடம் சொல்ல வேண்டும், சொன்ன விலையை 24 மணி நேரம் மாற்றக் கூடாது, மக்கள் முதல் நாளே பார்த்துக்கொள்ளலாம். சராசரி விலை அதனால் குறைந்ததா என்பதில் சண்டை உண்டு. ஆனால் எந்த பங்க் பிடித்து வைக்கிறது என்பது ஊருக்கே தெரிகிறது, அது பெரிய விஷயம். விலையை அரசே நிர்ணயிக்கிற நாட்டில் இந்த இறகுக் கதை செல்லாது, அங்கே கேள்வியை அரசிடம்தான் கேட்க வேண்டும்.

நாலுசக்கரம் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கணக்கர் சொன்னபடி 20ஐ 8 ஆக்கிக்கொண்டேன், அது புரிந்துவிட்டது. ஓடோமீட்டர் சொன்னது என் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது, ஏறிய வாரத்தில் மூன்று பங்க் மாற்றியிருக்கிறேன், இறங்கிய ஆறு வாரமும் ஒரே இடத்தில்தான் போட்டிருக்கிறேன். வாலைக்கோபுரம், நீங்கள் சொல்லும் பெட்ரோல் மொத்த விலையை என்னைப் போன்றவன் எங்கே பார்ப்பது? பார்த்தாலும் பீப்பாய்க் கணக்கில் இருந்தால் என்ன செய்வது?

வாலைக்கோபுரம் எழுதியது:

வணிகச் செய்திகளில் சிங்கப்பூர் 92 ஆக்டேன் பெட்ரோல், அல்லது நியூயார்க் ஆர்பாப் ஃபியூச்சர்ஸ் (பின்னால் கொடுக்கப் போகிற பெட்ரோலுக்கு இன்றைக்கே பேசுகிற மொத்த விலை) என்று தேடுங்கள், எது உங்கள் நாட்டுக்குப் பக்கமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் விலை பீப்பாய்க்கு, 159ஆல் வகுத்துவிடுங்கள். நியூயார்க் விலை காலனுக்கு, 3.785ஆல் வகுத்தால் லிட்டர். உங்கள் பணத்துக்கு மாற்றும்போது அன்றைய டாலர் மதிப்பைப் போடுங்கள், ஏனென்றால் உங்கள் பணம் சரிந்திருந்தால் அதுவே பாதியைத் தின்றிருக்கும். அதை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எழுதினால் போதும். பங்க் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், வரி ஏறாதபோதும் அகன்றுகொண்டே போனால் யாரோ நடுவில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நாலுசக்கரம் எழுதியது:

நோட்டில் நாலாவது கோடு கிழித்துவிட்டேன். இரண்டு மாதம் எழுதிவிட்டு இங்கேயே வந்து போடுகிறேன்.